பண்டை வரலாறும் இணையச் செய்தியும்: நடுநிலை வகுப்புகளில் மெய்ம்மை காணும் பயிற்சி

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளை நடுநிலைக் கட்டமாக வகுத்துள்ளது. பண்டைய இந்தியாவைப் பற்றி மாணவன் முறையாகப் பயிலத் தொடங்குவது இக்கட்டத்தில்தான். வீட்டிலுள்ள கைப்பேசி அவன் கைக்கு எட்டுவதும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான். பாடநூல் ஒரு பக்கத்தில் கூறுவதற்கு மாறாகக் கைப்பேசி பத்துப் படங்களைக் காட்டுமாயின், அவன் எதனை நம்புவான் என்பது ஆசிரியர்கள் மட்டுமன்றி நிருவாகத்தினரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இந்தியாவில் மாபெரும் மனித எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டதாகவும், அது இதிகாச காலத்து வீரனுடையது என்றும் ஒரு படம் 2004-ஆம் ஆண்டு முதல் பரவி வந்தது. உண்மையில் அது 2002-இல் இணையத்தில் நடைபெற்ற படமாற்றப் போட்டி ஒன்றிற்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் மாஸ்டொடான் என்னும் அழிந்துபோன யானையின விலங்கின் எலும்புகளை அகழ்ந்தெடுத்தபொழுது எடுத்த நிழற்படத்தில், மனித எலும்புக்கூட்டின் படம் ஒட்டப்பட்டிருந்தது. நேஷனல் ஜியோகிராபிக் நிறுவனம் 2007-இல் இதனை விளக்கி எழுதிய பின்னரும் படம் ஓயவில்லை.

இப்படத்தை எவ்வளவு நேரம் உற்றுநோக்கினாலும் மாணவனுக்கு உண்மை புலப்படாது. படத்தை விட்டு வெளியேறி, இது முதலில் எங்கு, எப்பொழுது தோன்றியது எனத் தேடினால் சில நிமிடங்களில் புலப்படும். அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனையே உணர்த்துகின்றது. வரலாற்று அறிஞர் பதின்மர், செய்திச் சரிபார்ப்பாளர் பதின்மர், பட்டப்படிப்பு மாணவர் 25 பேர் ஆகியோர் ஒரே வலைப்பக்கங்களை ஆராய்ந்தனர். அறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே தங்கிப் படித்தனர். சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியேறி, அதனை வெளியிட்டவர் யார் என்பதைப் பிற தளங்களில் தேடி, விரைவிலும் சரியாகவும் முடிவு கண்டனர். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றோரே தடுமாறிய இடத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவனை ‘கவனமாகப் படி’ என்று அறிவுறுத்துவதால் மட்டும் பயன் விளையாது.

முற்றிலும் பொய்யான செய்தியை மறுப்பது எளிது. மெய்யும் பொய்யும் கலந்த செய்தியே சிறந்த பாடப்பொருள். தில்லி மெஹ்ரௌலியிலுள்ள இரும்புத் தூணை எடுத்துக்கொள்வோம். அது பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது, துருவே பிடியாதது, இன்றைய அறிவியலால் விளக்க இயலாதது என்ற செய்தியை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, மூன்று கூற்றுகளாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சாட்சி வெவ்வேறு.

பழமைக்குச் சாட்சி தூணிலேயே உள்ளது. குப்தர் காலப் பிராமி எழுத்தில் ஆறு வரி வடமொழிப் பொறிப்பு, சந்திரன் என்னும் அரசனைக் குறிப்பிடுகின்றது. அவனை இரண்டாம் சந்திரகுப்தன் எனப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். எனவே தூணின் வயது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ‘எழுத்து பிற்காலத்தில் பொறிக்கப்பட்டிருக்கலாமே’ என்று ஒரு மாணவன் வினவினால் ஆசிரியர் மகிழ வேண்டும். அவ்வரசனே இதனைத் திருமாலின் கொடிமரமாக நாட்டினான் எனப் பொறிப்பு கூறுவதை அப்பொழுது எடுத்துக்காட்டலாம். பிளீட் 1888-இல் பதிப்பித்த குப்தர் பொறிப்புத் தொகுதியை இன்று இணையத்திலேயே காணலாம்.

துருவைப் பொறுத்தவரை, 1961-இல் தூணை அகழ்ந்து ஆராய்ந்தபொழுது மண்ணுள் புதைந்திருந்த பகுதியில் துரு காணப்பட்டது. வெளிப்பகுதி பெரிதும் காக்கப்பட்டிருப்பது மெய்யே. அதற்கும் விளக்கம் உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணைபுரிந்ததை விளக்கியுள்ளார். கரியிட்டு இரும்பை உருக்கிய பழைய உலைகளில் சுண்ணாம்புக்கல் சேர்க்கப்படவில்லை. ஆகவே பாஸ்பரஸ் நீங்காமல் தங்கிற்று.

தீய பணம் நல்ல பணத்தைப் புழக்கத்தினின்று விரட்டும் என்னும் கிரெஷாம் விதியைப் பொருளாதாரம் பயின்றோர் அறிவர். இங்கும் அதுவே நிகழ்கின்றது. ஆறு டன்னுக்கு மேற்பட்ட இரும்பைப் பகுதி பகுதியாகக் காய்ச்சி அடித்து ஒரே தூணாக இணைத்த கொல்லர்களின் மெய்யான திறன், ‘விளங்காப் புதிர்’ என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றது.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகள் நடத்தப்பட்டன. 2024-இல் அம்மாநிலத்தின் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களிலும் இது இடம்பெற்றது. வசதியின்மையைப் பிற மாநிலங்கள் தடையாகக் கூறக்கூடும். 2023-24-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரப்படி, நாட்டின் பள்ளிகளில் 53.9 விழுக்காட்டில்தான் இணைய இணைப்பு இருந்தது. ஆயினும் மேற்கூறிய பாடத்திற்கு ஆசிரியரிடம் ஒரு கைப்பேசியும், அச்சிட்ட நான்கைந்து தாள்களும் போதும். தேடுபொறியின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கம் சாட்சியன்று என்பதையும் அப்பொழுதே சொல்லிவிடலாம். அது எந்த மூலத்தைச் சுட்டுகின்றதோ, அம்மூலத்தைத் திறந்து பார்க்கப் பழக்குதல் வேண்டும்.

மதிப்பீட்டு முறை மாறாமல் இப்பயிற்சி வேரூன்றாது. இன்றைய வினாத்தாள் விடைக்கே மதிப்பெண் தருகின்றது. ஒரு செய்தியைக் கொடுத்து, எந்தெந்தச் சாட்சியை எந்த வரிசையில் தேடினாய் என எழுதச் செய்து, அவ்வழிக்கு மதிப்பெண் வழங்கலாம். ‘கிடைத்த சான்றுகளைக் கொண்டு முடிவுகூற இயலவில்லை’ என்று காரணத்துடன் எழுதும் மாணவனுக்கும் முழு மதிப்பெண் உரியது.