பத்துக் காசில் ஒரு காசு



காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் நம் சகோதரிகள் தண்டல் பணத்தைத் தவற விடுவதில்லை. மழையானாலும் சரி, வியாபாரம் படுத்தாலும் சரி, தண்டல்காரர் வாசலில் வந்து நின்றால் எப்படியாவது கட்டிவிடுகிறோம். குழுச் சேமிப்பு என்றால் மட்டும், "அடுத்த வாரம் சேத்துத் தர்றேன்க்கா" என்கிறோம். அங்கே பயம் இருக்கு, இங்கே அதட்டிக் கேட்க ஆளில்லை. அதட்ட ஆளில்லாத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். அவளிடம் 10 வெள்ளிக்காசு இருந்தது. ஒன்று தொலைந்துபோச்சு. மிச்சம் 9 இருக்கே என்று அவள் விடவில்லை. விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடினாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாள். அந்தக் காலத்தில் ஒரு காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. கூலிக்குப் போகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்த அதிகாரத்தில் கணக்குப்பிள்ளை கதை. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், கடன் வாங்கியவரைக் கூப்பிட்டு 100 குடம் எண்ணெயை 50 என்று மாற்றி எழுதச் சொல்கிறான். (எஜமானே அவன் சாமர்த்தியத்தை மெச்சுகிறார், கொஞ்சம் குழப்பமான கதைதான்.) ஆனால் அதன்பின் இயேசு சொல்வதில் குழப்பம் இல்லை. சின்ன விஷயத்தில் உண்மையாக இருப்பவரை நம்பித்தான் பெரிய பொறுப்பைத் தர முடியும் என்கிறார். நாம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது குழுவுக்குப் பொருந்தும்.

1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கினார். ஈடு வைக்க எதுவும் இல்லாத ஏழை வியாபாரப் பெண்களுக்கு, பக்கத்து வீட்டுப் பெண்களே ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றார்கள். 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. இன்று ஒரு குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அடமானம் இல்லாவிட்டால் மேனேஜர் எதைப் பார்ப்பார்? தவறாமல் கூட்டம் நடந்ததா, சேமிப்பு வந்ததா, உள்கடன் கொடுத்தீர்களா, தவணை திரும்பியதா, கணக்கு எழுதியிருக்கா என்று பார்ப்பார். நம் நோட்டுதான் அங்கே நமக்கு நகை, பத்திரம் எல்லாம்.

அதனால்தான் வராத அக்காவுக்குப் பதிலாக இன்னொருத்தர் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதை நாங்கள் சின்னத் தப்பாக நினைப்பதில்லை. "நம்ம அக்காதானே" என்று அன்பில் செய்வதுதான். ஆனால் பின்னாடி ஒரு கடன் தகராறு வந்தால், அன்றைக்கு யார் சம்மதித்தார்கள், யார் இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றைய நிஜக் கையெழுத்துகள் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் பணத்தை எல்லார் முன்பும் எண்ணுங்கள். எழுதியதை ஊக்குநர் சத்தமாக வாசிக்கட்டும். படிக்கத் தெரியாத சகோதரிகள் தங்கள் தொகையைக் காதால் கேட்டுச் சரிபார்க்கட்டும். ரொக்கப் புத்தகத்தையும் பாங்க் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து ரூபாய் உதைத்தாலும் விடாமல் தேடுங்கள். கிடைக்காவிட்டால், களப்பணியாளர் வரும்போது இரண்டு புத்தகத்தையும் எடுத்து வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.