ஊட்டும் வாயே விழுங்கும் வாய்

கேள்வி: செத்த எலியை மண்ணுக்குள் புதைத்து, அதை உணவாக்கித் தன் புழுக்களை வளர்க்கும் ஒரு வண்டை ஆவணப்படத்தில் பார்த்தேன். பறவை குஞ்சுக்கு ஊட்டுவது போலத் தாய் ஊட்டியதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். சற்று நேரத்தில் அதே தாய் தன் புழு ஒன்றைத் தின்றுவிட்டது. மனது ஆறவே இல்லை. இதைப் பாசம் என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் இந்த வண்டு உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் மனது கலங்கியது நியாயம்தான். ஆனால் நீங்கள் பார்த்த இரண்டு காட்சிகளுக்கும் காரணம் ஒன்றே: அந்த எலி. ஒரு குடும்பத்துக்கு ஒரு எலிதான். தீர்ந்துவிட்டால் இன்னொன்று வராது.

இந்த வண்டுகளுக்கு நிக்ரோஃபோரஸ் என்று பெயர். ஐரோப்பியக் காடுகளில் அதிகம் காணப்படும் இனம் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். கறுப்பு உடலில் ஆரஞ்சுப் பட்டைகள். எங்கோ கிடக்கும் எலியின் வாடையை உணர்கொம்பின் குமிழ் நுனியால் பிடித்துப் பறந்து வருகிறது. அதே வாடைக்கு ஈ வரும், எறும்பு வரும், நரியும் வரும். தன் இனத்து வண்டுகளே பல வந்து சேரும். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் மோதும். பெரும்பாலும் உருவில் பெரியதே வெல்லும். கடைசியில் ஒரு ஜோடி மிஞ்சும்.

பிறகு வேலை தொடங்குகிறது. வண்டுகள் எலிக்கு அடியில் புகுந்து மண்ணைத் தோண்டி வெளியே தள்ளுகின்றன. எலி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. உள்ளே வைத்து மயிரை எல்லாம் மழித்து, இறைச்சியை உருண்டையாக்குகின்றன. வாயிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் சுரக்கும் நீரை அதன்மேல் பூசுகின்றன. அந்த நீரில் பாக்டீரியாவை அடக்கும் பொருட்கள் இருக்கின்றன. வண்டின் உடலில் ஒட்டிக்கொண்டு வரும் சிற்றுண்ணிகள் ஈ முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

தாய் முட்டையிடுவது இறைச்சியின்மேல் அல்ல, பக்கத்து மண்ணில். இரண்டு மூன்று நாளில் பொரித்த புழுக்கள் உருண்டையை நோக்கி ஊர்ந்து வருகின்றன. தாய் வயிற்றை இறக்கை உறைமேல் உரசிக் கிறீச்சென்று ஒலி எழுப்புகிறாள். அவள் அருகே வந்ததும் புழுக்கள் தலையைத் தூக்கி, குட்டிக் கால்களால் அவள் வாயைத் தொட்டுக் கேட்கின்றன. அவள் பாதி செரித்ததைக் கக்கி ஊட்டுகிறாள். தந்தையும் ஊட்டுவதுண்டு. 1933-இல் எர்னா புக்கோவ்ஸ்கி என்ற ஜெர்மன் ஆய்வாளர் இந்தக் குடும்ப வாழ்க்கையை விரிவாக எழுதினார். சில இனங்களில் ஊட்ட ஆளில்லாவிட்டால் புழுக்கள் செத்தே போகும்.

இனி, உங்களைக் கலங்கவைத்த காட்சிக்கு வருவோம். எல்லா முட்டையும் பொரிக்கும் என்று நம்ப முடியாது. அதனால் தாய் கொஞ்சம் கூடுதலாகவே இடுகிறாள். பொரித்தவை எலி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டால், முதல் ஒரு நாளுக்குள் உபரியைத் தின்று குறைத்துவிடுகிறாள். விட்டுவைத்தால்தான் என்ன? வண்டான பிறகு அதன் உடல் வளராது. புழுவாக இருக்கும் அந்தச் சில நாட்களில் கிடைத்த தீனிதான் வாழ்நாள் முழுவதற்குமான உருவத்தைத் தீர்மானிக்கிறது. எல்லாப் புழுவும் அரைவயிறு உண்டால் எல்லாமே சிறுத்த வண்டாகும். சிறுத்த வண்டு அடுத்த எலிக்கான சண்டையில் தோற்கும். அதற்குக் குடும்பமே அமையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய்க்குத் தன் புழு எது, பிறர் புழு எது என்று தெரியாது. தன் முட்டை பொரிக்கும் நேரத்துக்கு முன்பு உருண்டைக்கு வரும் புழுவைத் தின்றுவிடுவாள். அந்த நேரத்துக்குப் பிறகு வருவது யார் பிள்ளையானாலும் ஊட்டி வளர்ப்பாள். அதனால் இதைப் பாசம் என்றோ கொடுமை என்றோ நம் சொற்களால் அளக்காதீர்கள். அவள் கையில் இருப்பது ஒரு எலி. அதிலிருந்து எத்தனை பிள்ளைகளைத் திடமாக ஆளாக்க முடியுமோ அத்தனையை ஆளாக்குகிறாள். ஊட்டுவதும் குறைப்பதும் அதற்காகவே.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: தென்னிந்தியச் சமவெளியில் இதைத் தேட வேண்டாம். இது பெரும்பாலும் வடக்கத்திக் குளிர்நாட்டு வண்டு. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு. நம் வெயிலில் செத்த எலியை ஈயும் எறும்பும் முந்திக்கொள்ளும். ஆனால் மழை பெய்த மறுநாள் மாடு மேயும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சாணத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டும் பிள்ளைக்கான உணவை மண்ணுக்குள் பத்திரப்படுத்தும் உயிர்தான். சாண வண்டுகளில் சில இனத்துத் தாய்கள், பிள்ளை வண்டாகி வெளியேறும்வரை அந்த உருண்டைகளின் அருகிலேயே காவல் இருக்கின்றன. காலில் மிதிபடாமல் பார்த்து நடங்கள்.