துக்கத்திற்குப் பின் வெளிநாட்டில் பிள்ளையின் வீட்டில் சில வாரங்கள்

கணவரையோ மனைவியையோ இழந்தவர்களுக்குக் கருமாதி முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகுதான் வீட்டின் வெறுமை முழுதாகத் தெரியும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அடுத்த வீட்டார் கேட்காமலேயே சாப்பாடு கொண்டு வருவார்கள். இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் தாமான்களில் பல வீட்டுக் கதவுகள் பகலிலும் மூடியிருக்கின்றன. இந்த நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, "எங்களோடு வந்து இருங்கள்" என்று அழைக்கலாம்.

போனால் மனம் ஆறுமா?

இடம் மாறினால் துக்கம் மறைந்துவிடாது. ஆனால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. துக்கத்தில் இருப்பவர் சில நேரம் இழப்பை நினைத்து அழுகிறார். சில நேரம் அன்றாட வேலையில் ஈடுபடுகிறார். இப்படி இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவது இயல்பு என்று 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் விளக்கினர். குடும்பத்தோடு தங்குவது இரண்டுக்கும் இடம் தர வேண்டும்.

புறப்படும் முன்

• இறப்புப் பத்திரம், இ.பி.எப்., சொக்சோ வேலைகளை முடித்துவிடுங்கள்.
• வீட்டை விற்பது போன்ற பெரிய முடிவுகளை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.
• ஓராண்டு திதிக்கு முன் பயணம் கூடாது என்பது உங்கள் குடும்ப வழக்கமானால், அதைப் பிள்ளைகளிடம் சொல்லி நாளை முடிவு செய்யுங்கள்.
• தங்கும் நாள்களுக்குப் போதுமான மருந்தும் மருத்துவரின் கடிதமும் வேண்டும் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். மருந்தை அதன் உறையோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தில் உறைந்துவிடலாம்.
• தமிழ்நாட்டு நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. லண்டன் 7 அல்லது 8 மணி. மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
• திரும்பும் நாளை முன்பே பேசி வையுங்கள்.

அங்கே இருக்கும்போது

• மறைந்தவரின் படத்தை எடுத்துச் செல்லுங்கள். அவரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் பேசுங்கள். பிள்ளையும் தாயையோ தந்தையையோ இழந்திருக்கிறார். சேர்ந்து அழுவது தவறல்ல.
• விருந்தாளியாகவே இருந்துவிடாதீர்கள். கீரை ஆய்வது, பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என உங்களால் முடிந்த ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் முழுப் பொறுப்பு களைப்பைத் தந்தால், தயங்காமல் சொல்லுங்கள்.
• மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் நீளமாகத் தோன்றும். தினமும் சிறிது தூரம் நடங்கள். ஊரில் ஒருவரிடமாவது தொலைபேசியில் பேசுங்கள்.

திரும்பி வந்த பின்

பலருக்கு மிகக் கடினமான நாள் இதுதான். பூட்டிய வீட்டை நீங்களே தனியாகத் திறக்க வேண்டாம். உறவினர் அல்லது அண்டை வீட்டாரை உடன் வரச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே கிளினிக் செல்லும் நாள், கோயிலுக்குப் போகும் நாள், மூத்தோர் நடவடிக்கை மையத்துக்குப் போகும் நாள் என்று குறித்து வையுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தூக்கமின்மை, சாப்பிட மனமின்மை, மருந்தை விட்டுவிடுதல், மதுவை நாடுதல் ஆகியவை தொடர்ந்தால் கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லுங்கள். 6 மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்வையே முடக்கும் துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அது பலவீனம் அல்ல.

"இனி வாழ்ந்து என்ன பயன்" என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 (காலை 8 முதல் நள்ளிரவு வரை). பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 (24 மணி நேரமும்). உயிருக்கு ஆபத்து என்றால் 999. வெளிநாட்டில் இருந்தால், உடனே பிள்ளையிடம் சொல்லுங்கள்.