அடைக்கலம்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய காஞ்சி, வந்தாரை ஏற்ற பெருநகர். வற்கடம் வருத்திய காலத்தில் மணிமேகலை அமுதசுரபியுடன் இந்நகர் புக, பதினெண் மொழி பேசுவோரும் வந்து குழுமினர் என்று அவள் பெயரால் அமைந்த காப்பியம் கூறும். வந்தவர் எந்நாட்டார் என்பதை அவள் ஆராயவில்லை. பசித்தார் என்பதே போதுமானதாயிற்று. இன்று இவ்வூர்த் தறிகளில் பட்டு நெய்வோருள் ஒரு சாராரின் முன்னோரும் விசயநகர வேந்தர் காலத்தில் ஆந்திர நாட்டினின்று வந்து குடியேறியவர் என்பது வழிவழிச் செய்தி.

அடைக்கலம் தந்த இந்நகரே அடைக்கலம் நாடிய காலமும் உண்டு. 1688ஆம் ஆண்டில் முகலாயப் படை நெருங்குகின்றது என்று கேட்டுக் காஞ்சி நடுங்கிற்று. வரதராசப் பெருமாள் கோயிலார் உற்சவத் திருமேனிகளைச் சவம்போல் மூடிச் சுமந்து ஊரைவிட்டு அகற்றினர் என்பர். தெய்வத்தையே பிணக்கோலத்தில் கொண்டுசெல்ல நேர்ந்ததெனின், மக்களின் அச்சம் எத்துணையதாய் இருந்திருத்தல் வேண்டும்! உடையார்பாளையத்தில் அத்திருமேனிகளுக்குப் புகலிடம் கிட்டிற்று. அமைதி மீண்டபின் அவற்றைத் திருப்பித் தர அப்பாளையக்காரர்க்கு மனம் வரவில்லை. பக்தி மிகுந்துவிட்டது போலும். ஆத்தான் திருமலை இராமாநுச சீயரின் வேண்டுகோளை ஏற்று, நவாபு சாதத்துல்லாகானிடம் படைத்தலைவராயிருந்த லாலா தோடர்மால் முயன்று 1710இல் அவற்றைக் காஞ்சிக்கு மீட்டுவந்தார். அதனைக் கூறும் கல்வெட்டும் தோடர்மாலின் சிலையும் அக்கோயிலில் இன்றும் உள்ளன.

காமாட்சியம்மையின் பொன் திருமேனியோ திரும்பவில்லை. பங்காரு காமாட்சி எனப்பெறும் அது பல ஊர்களைக் கடந்து தஞ்சையை அடைந்து, அங்கேயே கோயில் கொண்டது. அதனுடன் சென்ற அர்ச்சகர் மரபில் 1762இல் திருவாரூரில் தோன்றியவரே இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாத்திரியார்.

ஊர் திரும்புதல், புகுந்த இடத்தில் வேரூன்றுதல் என்னும் இவ்விரண்டனுள் ஒன்று கிட்டினாலன்றி அடைக்கலம் நிறைவுறாது. நம் காலத்தில் இவ்விரண்டும் எய்தாதார் பலர் தமிழகத்தில் உளர். 1983 சூலையில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சித் தமிழர் கடல் கடந்து வந்தனர். மண்டபம் முகாம் அவர்களை ஏற்றது. முன்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றோரை நிறுத்தி நோய் ஆய்ந்த இடமும் அதுவே. 2009இல் போர் முடிந்தபின் சிலர் தாய்நாடு திரும்பினர். எனினும் 2021இல் 108 முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேர் இருந்தனர். அவ்வாண்டு தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என வழங்கச் செய்து, புதிய வீடுகளும் கட்டித் தர முற்பட்டது. அகதி என்பது கதியற்றவர் எனப் பொருள்படும் சொல். அதனை நீக்கியது நன்றே.

ஆயினும் சட்டம் அத்துணை விரைந்து நடக்கவில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை; அவர்க்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆதலின் இங்கு அடைக்கலம் என்பது அரசு காட்டும் அருளாக உள்ளதேயன்றி, வந்தவர் கேட்டுப் பெறும் உரிமையாக இல்லை. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உயிருக்கு அளிக்கும் காப்பு, குடிமக்களுக்கு மட்டுமன்றி இம்மண்ணில் உள்ள எவர்க்கும் உரியது என்று சக்மா மக்களின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உரைத்ததே அவர்க்குள்ள பெருந்துணை. 2015 சனவரி 9ஆம் நாள்வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டு இன்மைக்காகத் தண்டித்தல் கூடாதென 2025 செப்டம்பரில் நடுவண் அரசு ஆணையிட்டது. அச்சம் ஒன்று நீங்கிற்று, குடியுரிமை வந்திலது.

வரதர் வெளியூரில் தங்கியது 22 ஆண்டுகள். முகாம்களோ நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இங்குப் பிறந்தவர் பிறப்பினால் இந்தியக் குடிமக்கள் ஆவர். அதன்பின் பிறந்தவரோ, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராய் இருந்தாலன்றி அவ்வுரிமை பெறார். அவர்கள் தமிழகப் பள்ளிகளில் பயின்று வளர்ந்தவர்கள். இலங்கையை ஒருமுறையும் கண்டறியாதவர்கள். ஏட்டிலோ அவர்கள் இன்னும் அயலாரே.