வேலியும் சுற்றுச்சுவரும்: எல்லை, வழி, நீர் ஆகியவற்றைப் பற்றிய ஒரு பாடம்

ஒருவர் தம் மனைக்கு வேலியிடுவதும் சுவரெழுப்புவதும் அவருடைய சொந்த விஷயமென்று கருதப்படுவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வேலிக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. உட்பக்கம் அவருக்குரியது, வெளிப்பக்கத்திலோ அண்டை வீட்டாரின் மனை, தெரு, வண்டிப்பாதை, வாய்க்கால் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கிறது. ஆகையால் வேலி விஷயத்தில் நேரும் சிறு தவறும் இரு குடும்பங்களின் பகையாகவும், சில சமயங்களில் ஊர் முழுவதற்கும் இடையூறாகவும் முடிகிறது. உழவுமாடு வாங்குவதற்காகச் சங்கத்தில் பெற்ற கடன் வக்கீல் பீஸாகவும் கோர்ட்டுச் செலவாகவும் கரைந்துபோவது இதன் பலனேயாம்.

மதுரை நகரம் கற்பிப்பது

சுவர் எதற்காக, எவ்வளவு காலம் தேவை என்பதற்கு மதுரையே உதாரணம். நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அதைச் சூழ்ந்த அகழியும் பகைவரைத் தடுப்பதற்கென ஏற்பட்டவை. யுத்த பயம் நீங்கிய பின்னர் அம்மதில் நகரின் வளர்ச்சிக்குத் தடையாயிற்று. 1830-களின் பிற்பகுதியில் தொடங்கி, கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிப்பித்தார். மதிலின் ஒரு பகுதியை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அவ்விடத்திலேயே மனைகள் கிடைத்தன. அங்கே உண்டான மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும், வெளிவீதிகளும் இன்றும் உள்ளன. வீதியை அளந்து ஒதுக்கி அதன்பின் வீடு கட்டுவது ஒழுங்கு. வீடும் வேலியும் எழுந்தபின் வீதியைத் தேடுவது துன்பம்.

எல்லை எது?

வேலி எல்லையைக் காட்டும் அடையாளமே தவிர, எல்லையை உண்டாக்குவதன்று. எல்லையை அறிய உதவுவன பட்டா, புலப்படம், சர்வே கல் ஆகிய மூன்றுமாம். 1923-ம் வருஷத்துச் சர்வே, எல்லைகள் சட்டம் இதற்கு ஆதாரம். சர்வே கல்லைப் பிடுங்குவதும் இடம் மாற்றுவதும் குற்றம். கல்லைப் பேணுவது நிலச் சொந்தக்காரரின் கடமை. சர்வே அதிகாரியின் தீர்மானத்தில் குறை காண்பவர் 3 மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம். சர்வே முடிவு பிரசுரமான பின் 3 வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்கிடவும் இடமுண்டு.

எல்லைத் தகராற்றின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். 330 அடி நீளமுள்ள பக்கத்தில் வேலி ஓரடி தள்ளி நடப்பட்டால், மாறுவது 330 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. எனவே முழு நீளத்திலும் ஓரடி போனாலும் விஷயம் சுமார் முக்கால் சென்ட்டேயாகும். அதற்காகப் பல வருஷம் கோர்ட்டுக்கு நடப்பது லாபமா என்பதை இரு தரத்தாரும் சிந்திக்க வேண்டும். முன்கூட்டியே அளப்பதற்கு ஆகும் கட்டணமோ அற்பமானது.

சுவர் நிற்க வேண்டிய இடம்

சுவரின் வெளிமுகத்தைச் சரியாக எல்லைக்கோட்டில் நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. முக்கால் அடி கனமுள்ள சுவருக்கும் அஸ்திவாரம் அதைவிட அகலமாகவே இருக்கும்; ஆகவே மேலே எல்லைக்குள் நிற்கும் சுவர், மண்ணுக்குள் அண்டை நிலத்தில் புகுந்துவிடும். அஸ்திவாரம், உச்சியில் நீட்டிய ஓடு, அதிலிருந்து சொட்டும் மழைநீர் ஆகிய மூன்றும் தம் எல்லைக்குள்ளேயே அடங்குமாறு சுவரை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும்.

இடம் வீணாகாதிருக்க விரும்பும் இருவர் பொதுச்சுவர் கட்டிக்கொள்ளலாம். அப்போது செலவில் யாருக்கு எவ்வளவு, பழுது பார்ப்பவர் யார், சுவரை உயர்த்தவோ அதன்மேல் உத்திரம் வைக்கவோ யாருக்கு உரிமை என்பனவற்றை எழுதி ரிஜிஸ்தர் செய்துகொள்வது அவசியம். வாய்மொழி உடன்பாடு தகப்பன்மார் காலத்தில் செல்லும். பிள்ளைகள் காலத்தில் செல்லாது.

தெருவும் பொதுவழியும்

1920-ம் வருஷத்து மதராஸ் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தில் இவ்விஷயமாகச் சில நல்ல விதிகள் இருந்தன. தெருப்பக்கக் கதவும் ஜன்னலும் அனுமதியின்றி வெளிப்புறம் திறக்கலாகாது. தெருவோர வேலி குறிப்பிட்ட உயரத்துக்கும் அகலத்துக்கும் மேற்படாமல் கத்தரிக்கப்பட வேண்டும். தெரு முனையிலுள்ள கட்டடத்தின் மூலையை வளைத்தோ சரித்தோ கட்டும்படி செய்யலாம் என்பவை அவை. திருப்பத்தில் வரும் வண்டியை எதிரே வருபவர் காண வேண்டுமென்பதே கடைசி விதியின் கருத்து. அச்சட்டம் பின்னர் வேறு சட்டத்துக்கு இடங்கொடுத்துவிட்ட போதிலும் காரணங்கள் மாறவில்லை.

இப்போது நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொருந்துவது 2019-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளாகும். சுவரின் உயரம், தெருவிலிருந்து விட வேண்டிய இடம் முதலியவற்றை ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விசாரித்து அறிந்த பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும். புறம்போக்கில் வேலியிடுவோரை 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றலாம்.

தனியார் நிலத்தின் வழியாகவும் பிறருக்கு நடைபாதை உரிமை ஏற்படுவதுண்டு. 1882-ம் வருஷத்து அனுபோக உரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் 20 வருஷம் பகிரங்கமாகவும், சமாதானமாகவும், உரிமையாகவும், இடையறாமலும் ஒரு வழியில் நடந்துவந்தால் அவ்வுரிமை அவருக்கு நிலைபெறும். சர்க்கார் நிலமாயின் 30 வருஷம் வேண்டும். ஆதலால் பெண்கள் தண்ணீருக்கும், மாடுகள் மேய்ச்சலுக்கும் நெடுங்காலமாகச் சென்றுவரும் பாதையை ஒரே இரவில் முள்ளிட்டு அடைப்பது சட்டத்துக்கும் தருமத்துக்கும் பொருந்தாது.

நீரின் வழி

மதுரைச் சமவெளி கண்மாய்களும் வாய்க்கால்களும் நிறைந்த நாடு. மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகத் தாழ்ந்த நிலத்துக்கு ஓடுவதை மேற்சொன்ன சட்டம் மேட்டு நிலக்காரரின் உரிமையாக ஏற்கிறது. தாழ்ந்த பக்கத்தில் கட்டப்படும் சுவரில் அடிமட்டத்தில் நீர்த்துவாரங்கள் வைக்காவிடில், ஐப்பசி மழையில் மேல்வீட்டு முற்றம் குளமாகும். தேங்கிய நீரின் பாரத்தால் சுவரும் சாயும். கண்மாய்க்குள் வேலி புகுவதைத் தடுக்க 2007-ல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது.

உயிர்வேலி

செலவு குறைந்தது உயிர்வேலி. கிளுவை, நொச்சி, ஆடாதோடை ஆகியவை இந்நாட்டு வறட்சியைத் தாங்குவன. மழைக்கு முன் போத்து நட்டு வருஷந்தோறும் கத்தரித்தால் வேலி அடர்ந்து நிற்கும். தழைத்து அகலும் வேலி அண்டை நிலத்தில் ஏறாதபடி, எல்லையிலிருந்து சிறிது உள்ளே தள்ளி நடுக.

அயல்நாட்டுச் செடிகளில் எச்சரிக்கை வேண்டும். சப்பாத்திக்கள்ளி வேலிக்காகவும் வளர்க்கப்பட்டு, தென்னிந்தியாவில் ஏராளமான நிலங்களை மூடிவிட்டது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சி கொண்டுவரப்பட்ட பிறகே அது பெரும்பாலும் அழிந்தது. சீமைக்கருவேலமும் அவ்வாறே கண்மாய்களிற் பரவி, வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று.

வேலி இருந்தும் மாடு புகுந்தால், அதை அடிப்பதும் கட்டிவைப்பதும் தகாது. 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும்.

அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டிய முறை

1. பட்டாவையும் புலப்படத்தையும் பெற்று, சர்வே கற்கள் இருக்கின்றனவா என்று பார்த்தல்.
2. கல் காணாவிடில் தாலுகா அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அளக்கச் செய்தல். அண்டை நிலக்காரரையும் உடன் அழைத்தல்.
3. வழி, வாய்க்கால், நீரோட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல்.
4. ஊராட்சியில் விதிகளை விசாரித்தல்.
5. பொதுச்சுவராயின் பத்திரம் எழுதுதல்.
6. தகராறு நேர்ந்தால், கோர்ட்டுக்குப் போகுமுன் இரு தரத்தாரும் நம்பும் பெரியோர்களைக் கொண்டு எல்லையிலேயே நின்று பேசுதல்.

ஆறாவதான காரியத்தில் சங்க நிர்வாகிகள் பெரிதும் உதவக்கூடும். இரு தரத்தாரும் பெரும்பாலும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களே. வழக்கினால் எவர் வறுமையுற்றாலும் பாக்கி விழுவது சங்கத்துக்கேயாம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் காணாமற்போன சர்வே கற்கள் எத்தனை? அவற்றை மீண்டும் நடச்செய்ய எவ்வாறு விண்ணப்பிக்கலாம்?
2. வேலி நெருக்கியதால் வண்டி செல்ல இயலாத தெருக்கள் எவை?
3. மழைநீர் செல்லவிடாமல் தடுக்கும் சுவர்கள் உளவா? அவற்றில் துவாரமிடச் சொந்தக்காரர்கள் இசைவார்களா?