கடைவீதியின் கடன் கணக்கு

ஜொகூர் பாரு நகர மையத்திலுள்ள உங்கு புவான் சாலை, தமிழர்களுக்கு நன்கு பழக்கமான கடைவீதியாகும். இராஜமாரியம்மன் ஆலயம் அமைந்துள்ள இவ்வட்டாரத்தில் பூமாலை, மளிகை, துணி விற்கும் கடைகளைக் காணலாம். பழைய கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் வணிகம் நடந்தது. மேல்தளத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. இவ்வாறு வணிகமும் குடியிருப்பும் ஒரே கட்டடத்தில் அமைவதைக் ‘கலப்புப் பயன்பாடு’ என்பர்.

1855ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இந்நகரம், 1994இல் மாநகராக உயர்ந்தது. 2006இல் இஸ்கண்டார் மலேசியா மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. புக்கிட் சாகாரைச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுடன் இணைக்கும் விரைவு இரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. இத்தகைய வசதிகள் பெருகும்போது நகர மையத்தில் நிலத்தின் மதிப்பும் உயர்கிறது. கடைகள், அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள் ஆகியவற்றை ஒருங்கே கொண்ட உயர்ந்த கட்டடங்களும் எழுகின்றன.

இவற்றுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? மேம்பாட்டாளரின் சொந்த மூலதனம், வங்கிக் கடன், வீடு வாங்குவோர் செலுத்தும் தொகை ஆகிய மூன்றும் முக்கிய வழிகளாகும். கட்டி முடிக்கப்படாத வீட்டை வாங்குபவர், ஒப்பந்தம் செய்யும்போது விலையில் 10 விழுக்காட்டைச் செலுத்துவார். கட்டுமானம் வளர வளர எஞ்சிய தொகையைக் கட்டங்கட்டமாகச் செலுத்துவார்.

எடுத்துக்காட்டாக, ஒரு திட்டத்திற்கு 70 மில்லியன் ரிங்கிட் கடன் பெறப்பட்டதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 5 விழுக்காடு எனில், முதல் ஆண்டில் வட்டி மட்டுமே 3.5 மில்லியன் ரிங்கிட் ஆகும். வீடுகளின் விற்பனையும் கடைகளின் வாடகையும்தான் இக்கடனை அடைக்க வேண்டும். பழைய கடைவீட்டைக் கட்டிய செலவோ பல்லாண்டுகளுக்கு முன்பே ஈடுசெய்யப்பட்டிருக்கும். ஆகவே, அங்குக் குறைந்த வாடகை இயலும். பழைய வீதியில் பிழைத்த பூக்கடைக்காரர், புதிய கட்டடத்தில் கடை எடுக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வாடகை உயர்வின் விளைவை மலேசியா முன்பே கண்டுள்ளது. பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. அதற்கான இடைக்காலம் 1999 இறுதியில் முடிவுற்றது. அதன்பின் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நெடுங்காலம் வாழ்ந்த வாடகைதாரர் பலர் வெளியேற நேர்ந்தது.

மாற்று வழியும் உண்டு. 1980களின் தொடக்கத்தில், சிங்கப்பூர் தேக்காவின் பழைய சந்தை வணிகர்களுக்குப் புதிய கட்டடத் தொகுதியில் இடம் வழங்கப்பட்டது. கீழே சந்தையும் உணவங்காடியும், மேலே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளும் அமைந்தன. அங்கு முதலீடு செய்தது அரசாங்கம். ஆதலால், சிறு வணிகரின் தேவையையும் திட்டத்தில் சேர்க்க முடிந்தது.

தனியார் திட்டத்திலும் இது முற்றிலும் இயலாததன்று. மேல்தள வீடுகளை விற்றுக் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, சில கடைகளின் வாடகையைக் குறைக்கலாம். கட்டுமானத்தைப் பகுதி பகுதியாக மேற்கொண்டு, வணிகம் தடைபடாமல் காக்கலாம். பழைய வணிகர் திரும்பி வரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆனால், வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதற்கேற்ப, இவற்றை நிதித் திட்டம் வகுக்கும்போதே முடிவு செய்வது அவசியமாகும். கடன் வாங்கிக் கட்டி முடித்த பின்னர் வாடகையைக் குறைப்பது எளிதன்று.