கைலியில் ஒரு சித்திரப் பாடம்



சித்திரக்கலை என்றதும், "கடைக்காரனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நானும் ஜவுளிக் கடைக்காரன்தான். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர எனக்கு வேறு படிப்பு கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் படிக்கும் என் மகள் ஓர் இரவு தன் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கோடு, வடிவம், நிறம், வெளிச்சமும் இருளும், மேற்பரப்பின் தன்மை, இடைவெளி என்று ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் விளக்கினாள். "இதெல்லாம் நம் கடை அலமாரியில் இருக்கிறதே!" என்றேன். அவள் சிரித்தாள். மறுநாள் கடைக்கு வந்து பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

நாம் அன்றாடம் விற்கும் கட்டம் போட்ட கைலியையே எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர்கள் இதைக் 'கைன் பெலிக்காட்' என்பார்கள். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயர்தான் அப்படித் திரிந்தது. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை அமைத்துக்கொண்டதற்கு முக்கிய காரணம், சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுவந்து இந்தத் தீவுகளில் கொடுத்து, வாசனைச் சரக்கு வாங்கலாம் என்பதே. அவர்களுக்கு முன்பே நம்மவர்கள் அந்த வியாபாரத்தில் இருந்தார்கள் என்பதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பாவு நூல் நெடுக்கே ஓடுகிறது. ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. இதுதான் கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் கட்டம் பிறக்கிறது. அது வடிவம். சிவப்புப் பாவை வெள்ளை ஊடை வெட்டினால் அந்தக் கட்டம் சிவப்புமில்லை, வெள்ளையுமில்லை, நடுத்தரமான இளஞ்சிவப்பு. ஆனால் அங்கே அந்த நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது! கிட்டத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாகத்தான் நிற்கும். தூரத்திலிருந்து கலந்து பார்ப்பது நம் கண்.

இவற்றைச் சேர்க்கும் முறைகளுக்கும் பெயர்கள் உண்டு. தாளம், சமநிலை, அழுத்தம், அளவுப் பொருத்தம், ஒருமைப்பாடு என்பன அவை. தப்ஸ் அடிப்பதைக் கேட்டவர்களுக்குத் தாளத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரே அளவான அடி ஓயாமல் விழுந்தால் தூக்கம் வரும். தடித்த கோடு ஒன்று, மெல்லிய கோடு இரண்டு, சிறிது வெற்றிடம், மறுபடி தடித்த கோடு என்று வந்தால் கண் விழித்துக்கொள்ளும். வெற்றிடமும் தாளத்தில் சேர்ந்தது என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

அழுத்தம் என்பது, "முதலில் இங்கே பார்" என்று கண்ணை அழைப்பது. கைலியில் கட்டத்தின் போக்கு மாறி, நிறம் அடர்ந்து வரும் பாகத்தை மலாய்க்காரர்கள் 'கப்பாலா', அதாவது தலை என்பார்கள். மற்றதெல்லாம் 'பாடான்', உடல். ஆண்கள் தலையைப் பின்பக்கம் வரும்படி உடுத்துவது வழக்கம். பாத்தேக் சாரோங்கில் அந்தத் தலையில் மூங்கில் குருத்துப் போன்ற முக்கோணங்கள் இரண்டு வரிசையாக, கூர் முனைகள் எதிரெதிரே பார்த்தபடி நிற்கும். அதற்குப் 'பூச்சோக் ரெபோங்' என்று பெயர். தலை பேசும்போது உடல் அடங்கியிருக்க வேண்டும். இப்போது வரும் சில மலிவு அச்சுத் துணிகளில் தலையும் உடலும் ஒன்றாகக் கூச்சலிடுகின்றன. கண்ணுக்கு உட்கார இடமில்லை. விற்கிறது, நானும் விற்கிறேன், அது வேறு விஷயம்.

ஒருமைப்பாட்டுக்கு வேறிடம் போக வேண்டாம். அரபு ஸ்திரீட் பக்கம் வரும்போது சுல்தான் பள்ளியின் குப்பாவை அண்ணாந்து பாருங்கள். 1932-ல் முடிக்கப்பட்ட பள்ளி அது. பொன்னிறக் குப்பாவின் அடியில் கறுப்புப் பட்டையாகத் தெரிவது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். ஏழைகளும் கட்டட வேலையில் பங்கு பெறட்டும் என்று அவர்களிடமிருந்து சேகரித்தார்கள். தனியே பார்த்தால் ஒரு போத்தல். வரிசையாக வைத்தால் குப்பாவையே தாங்குவது போன்ற ஒரு வளையம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சில வருஷங்களுக்கு முன் நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காக ஊரிலிருந்து ஒருவர் எங்களுக்குக் கைலிக் கட்டுகள் அனுப்பினார். ஊதா நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சரக்கு. வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "நானா, கறுப்பு வெளுத்திருக்கிறதே" என்று வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மட்டமான சாயம் போட்டு ஏமாற்றிவிட்டீர் என்று அவருக்குக் கடிதம் எழுதி, கொடுக்க வேண்டிய பாக்கி 480 வெள்ளியை நிறுத்திக்கொண்டேன். அவர் கெட்டிச் சாயம்தான் என்று இரண்டு முறை எழுதினார். பிறகு எழுதவில்லை.

என் மகளின் புத்தகத்தில் செவ்ரோல் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞரைப் பற்றி இருந்தது. பாரீஸில் கோபலான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824-ல் அவர் சாயப் பிரிவின் தலைவரானார். அங்கே வந்த புகார் என்ன தெரியுமா? நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைக்கும் கறுப்பில் வலுவில்லை என்பதே! அவர் அந்தக் கறுப்புக் கம்பளி நூலை மற்ற இடங்களின் கறுப்பு நூலோடு வைத்துச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையுமில்லை. குறை, அண்டை நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்திலிருப்பதன்மேல் ஏற்றிவிடுகிறது. சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, ஊதாவுக்கு எதிர் மஞ்சள். ஊதாவின் நடுவே நிற்கும் கறுப்பில் மஞ்சள் படிந்ததுபோல் தோன்றி, பழுத்துப்போனதாகத் தெரியும். இதை 1839-ல் பெரிய நூலாகவே அவர் வெளியிட்டார்.

அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல என் வயிறு கலங்கியது. விற்காமல் கிடந்த அந்தக் கட்டிலிருந்து ஒரு கைலியை எடுத்து, கறுப்புக் கோட்டை மட்டும் கத்தரித்து வெள்ளைத் தாளில் வைத்தேன். மை போன்ற கறுப்பு.

பாக்கியை அனுப்பி, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். மகன் பதில் எழுதியிருந்தார். வாப்பா மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறதாம். என் கடிதத்தை நம்பி, அந்தச் சாயக்காரரை அப்போதே நிறுத்திவிட்டாராம். சாயக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

சரக்குப் பார்க்கும்போது இப்போது நான் செய்வது இது. துணியை முதலில் அஞ்சடிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். டியூப் விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெளியே வேறாகத் தெரிவது ஜவுளிக்காரர் யாவரும் அறிந்ததே. பிறகு சாம்பல் நிற அட்டை ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் வெட்டி, ஒரு துளையில் சந்தேகப்பட்ட கோட்டையும், மறு துளையில் நல்லதென்று தெரிந்த துணியையும் வைக்கிறேன். அண்டை நிறங்கள் மறைந்துவிடும். அட்டையை வெட்டிக் கொடுத்தவள் என் மகள். கல்லாப்பெட்டியின் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.